ஊருக்கு ஊர் இலவச ட்ரெயினிங் நடக்குது, எங்க ஊர் பட்டறைக்கு மட்டும் ஆள் கிடைக்கல, ஏன்?

ஆத்தூர்_பட்டறை

வணக்கம் மக்களே. சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் ஒரு கிராமத்துல வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். கேட்டு, கிரில் வேலை கம்மி, பெரும்பாலும் விவசாய சாமான்தான். கல்டிவேட்டர் கொழு மாத்துறது, டிப்பர் அடித்தகடு அடிக்கிறது, ரொட்டவேட்டர் வேலை, அறுவடை மிஷின் எல்லாம் வெளியூர் சீசன் முடிச்சிட்டு திரும்பி வந்தா அத பிரிச்சு மேயறது. ஆர்டர் இருக்கு, ஆள் மூணு பேர்தான். இன்னும் ரெண்டு நல்ல கை கிடைச்சா பக்கத்து ஷெட்டையும் வாடகைக்கு எடுத்துடலாம்னு இருக்கேன்.

ஊராட்சி ஆபீஸ் சுவத்துல ஒரு பேனர் கட்டியிருந்தாங்க, இலவச வெல்டர் பயிற்சி, தங்குறது சாப்பாடு ஃப்ரீ, வேலைவாய்ப்பு உறுதின்னு. எங்க ஊர் பசங்களும் போனாங்க. போனவன் ஒருத்தன் கூட இந்தப்பக்கம் வரல, எல்லாம் சென்னை பக்கம் ஒரகடம் ஸ்ரீபெரும்புதூர் பேக்டரிக்குன்னு போயிட்டானுங்க. பசங்கள தப்பு சொல்லல. ஆனா கிராமப்புற தொழில் வளர்ச்சிக்குன்னுதானே இந்த காசெல்லாம் ஒதுக்குறாங்க, அந்த காசு கிராமத்துல இருக்கிற தொழிலுக்கு எந்த வழியா வந்து சேருது? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெட்டிப்பேச்சு

100 நாள் வேலை இருக்கிற வரைக்கும் எவன் வருவான் ண்ணா. மரத்தடியில உக்காந்தா காசு.

புள்ளிவிவரப்புலி

எல்லா இழையிலயும் வந்து இதையே ஒட்டிட்டு போறீங்களே பாஸ். நம்ம மாநிலத்துல அந்த வேலைக்கு போறதுல பெரும்பாலும் பொம்பளைங்க, அதுலயும் வயசானவங்க நிறைய. அவங்க யாரும் ஆத்தூர் அண்ணன் பட்டறையில ஓவர்ஹெட் வெல்டிங் அடிக்க வரப்போறதில்ல. 20 வயசு பையன் எங்க போறான்ங்கிறதுதான் கேள்வி.

முன்னாள்_மொபிலைசர்

இதுக்கு நான் பதில் சொல்லலாம்னு நினைக்கிறேன், ஏன்னா அந்த பேனர் கட்டி பயிற்சிக்கு ஆள் சேக்கிற வேலைய நானே சில வருஷம் பாத்திருக்கேன், வேற மாவட்டத்துல.

டிடியு-ஜிகேஒய்னு ஒரு திட்டம், தீன்தயாள் உபாத்யாய பேர்ல, 2014 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. கிராமத்து இளைஞர்களுக்கு, 15 வயசுலேர்ந்து 35 வரைக்கும், பொண்ணுங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வரைக்கும். செலவுல 60 சதவீதம் மத்திய அரசு, 40 மாநில அரசு. ஆனா அரசாங்கம் நேரா க்ளாஸ் எடுக்காது, பயிற்சி நிறுவனத்துக்கு டார்கெட் குடுத்துடும். அந்த நிறுவனத்துக்கு காசு மொத்தமா வராது, நாலு தவணை, 25, 50, 15, 10 சதவீதம்னு. பயிற்சி முடிச்சவங்கள்ல 70 சதவீதம் பேருக்காவது வேலை வாங்கிக் குடுத்திருக்கணும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். "வேலை வாங்கிக் குடுத்தாச்சு"ன்னு எப்படி நிரூபிக்கிறது? மூணு மாசம் அவன் வேலையில இருக்கணும், சம்பள ஸ்லிப் வேணும், பேங்க் ஸ்டேட்மென்ட்ல அந்த சம்பளம் ஏறியிருக்கணும். ஆத்தூர் அண்ணா, நீங்க உங்க பசங்களுக்கு சம்பளம் எப்படி தர்றீங்க? சனிக்கிழமை சாயங்காலம் கையில எண்ணித்தானே? அப்ப என் கணக்குல உங்க பட்டறை ஒரு வேலையே கிடையாது. பையன் உங்ககிட்ட சேந்து பத்து வருஷம் இருந்தாலும் எனக்கு அது பூஜ்யம், அதுவே ஒரகடத்துல 91வது நாள் ஓடி வந்துட்டான்னாலும் எனக்கு அது டிக். எங்க மேனேஜர் வாரா வாரம் கேக்கிறது ஒரே கேள்வி, எத்தன ஸ்லிப் வந்துச்சு. அதனால நாங்க பெரிய கம்பெனி எச்ஆர் நம்பர் வச்சிருப்போம், பக்கத்து ஊர் பட்டறைக்காரர் நம்பர் எங்ககிட்ட இருக்காது.

இன்னொண்ணு. வேலைக்கு சேந்த பிறகு பையனுக்கு மாசம் 1000 ரூபா உதவித்தொகை உண்டு. சொந்த மாவட்டத்துலயே சேந்தா 2 மாசம், மாநிலத்துக்குள்ள வேற மாவட்டம்னா 3 மாசம், வெளி மாநிலம்னா 6 மாசம். தூரமா போறவனுக்கு வாடகை செலவு இருக்கு, நியாயம்தான். ஆனா ஊரோட இருக்கிறவனுக்குத்தான் கம்மின்னு ஆகிப்போச்சு.

ஆத்தூர்_பட்டறை

தம்பி நீங்க சொன்னது சுருக்குன்னு இருக்கு. ஆமா கையிலதான் குடுக்கிறேன், மழை நாள்ல வேலை இல்லன்னாலும் பாதி கூலி குடுக்கிறேன், அட்வான்ஸ் கேட்டா குடுக்கிறேன், அது எந்த ஸ்லிப்புல வரும்?

ஜிபே பண்ணிட்டா ஆச்சா? அதையும் பாத்தேன், ஒருத்தன் அக்கவுண்ட்ல போட்டா மைக்ரோ ஃபைனான்ஸ்காரன் பிடிச்சுக்கிறான்னு கையிலயே கேக்கிறான்.

புள்ளிவிவரப்புலி

அப்ரண்டிஸ் வழி ஒண்ணு இருக்கே. என்ஏபிஎஸ்னு, அப்ரண்டிஸா பசங்கள வச்சு வேலை பழக்கிற இடத்துக்கான மத்திய அரசு திட்டம், 2016ல வந்தது. நீங்க குடுக்கிற உதவித்தொகையில 25 சதவீதம், மாசத்துக்கு அதிகபட்சம் 1500 ரூபா, மத்திய அரசு பங்கு. இப்ப அது பையன் அக்கவுண்டுக்கே நேரா போகுது. போர்ட்டல்ல நிறுவனத்த பதிவு பண்ணனும். 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற இடத்துல அப்ரண்டிஸ் வைக்கிறது கட்டாயம், 4லேர்ந்து 29 வரைக்கும்னா நம்ம இஷ்டம்.

ஆத்தூர்_பட்டறை

4 பேர் இருக்கணுமா? எங்ககிட்ட மூணு பேர்தான்னு மேலயே சொன்னேனே. என்னையும் சேத்தா நாலு, எனக்கு நானே ஸ்லிப் போட்டு கையெழுத்து வாங்கிக்கவா 😀

வெட்டிப்பேச்சு

நாலாவது ஆள் கிடைச்சாத்தான் அப்ரண்டிஸ் கிடைப்பான், அப்ரண்டிஸ் கிடைச்சாத்தான் நாலாவது ஆளு. சூப்பர்.

புள்ளிவிவரப்புலி

இந்த தடவ வெட்டி சொல்றது சரி. நம்ம ஊர்ல இருக்கிற பட்டறை, மாவு மில், டூவீலர் கடை, சாக்கு தைக்கிறவங்க, பேக்கரி முக்காவாசி நாலு பேருக்கு கீழதான். இன்னொரு பக்கம் தமிழ்நாட்டு அரசோட 2021 தொழில் கொள்கைய எடுத்து பாத்தீங்கன்னா பெரிய முதலீட்டோட வர்ற கம்பெனிக்கு பயிற்சி மானியம்னே தனியா ஒரு இனம் இருக்கும், உள்ளூர் ஆளை வேலைக்கு எடுத்து பழக்கினா ஆளுக்கு மாசம் இவ்வளவுன்னு, பொண்ணுங்களை எடுத்தா இன்னும் கூட. பெரிய பேக்டரிக்கு குடுக்கிறத வேணாம்னு சொல்லல. ஆனா பையனுக்கு வேலை பழக்கிற வாத்தியார் அங்கயும் இருக்கார் இங்கயும் இருக்கார், அங்க இருக்கிறவருக்கு மட்டும் கூலி.

செய்யாறு_பொண்ணு

எல்லாரும் ஆம்பளைங்களா பேசிட்டிருக்கீங்க, நான் ஒண்ணு சொல்லலாமா. நான் செய்யாறு சிப்காட்ல ஷூ கம்பெனியில தையல் லைன்ல இருக்கேன். எங்க லைன்ல 90 பேர்னா 80க்கு மேல பொண்ணுங்க, எல்லாம் சுத்துப்பட்டு கிராமம், வந்தவாசி வரைக்கும் பஸ் வருது. விடியக்காலையில ஏறி வீட்டுக்கு திரும்பறப்ப இருட்டிடும், டார்கெட் கொடும, சூப்பர்வைசர் கத்துறது எல்லாம் உண்டுதான். ஆனா பிஎஃப் பிடிக்கிறாங்க, இஎஸ்ஐ இருக்கு, எங்கம்மாவுக்கு ஆபரேஷன் அதுலதான் நடந்துச்சு, கேன்டீன் இருக்கு, 5ந்தேதிக்குள்ள அக்கவுண்ட்ல காசு விழுந்துடும்.

ஆத்தூர் அண்ணா கோச்சுக்காதீங்க. உங்க பட்டறையில ஒரு பொண்ணு வெல்டிங் கத்துக்க வந்தா அவளுக்கு டாய்லெட் எங்க இருக்கு? கண்ணுல பொறி பட்டா எந்த ஆஸ்பத்திரி, செலவு யாரு? "ஊர விட்டு போயிட்டாங்க"ன்னு எல்லாரும் சொல்றீங்க, நாங்க போனது ஊர் பிடிக்காம இல்ல. எங்க ஊர்ல எனக்கு இருந்த வேலை பீடி இலை, கடலக்காய் பறிக்கிறது, அவ்ளோதான்.

ஆத்தூர்_பட்டறை

கோச்சுக்கல மா. நியாயமான கேள்வி. டாய்லெட் பட்டறை பின்னாடி எங்க வீட்டுலதான் இருக்கு, அதையே பசங்களும் யூஸ் பண்றானுங்க. இஎஸ்ஐ எனக்கு பொருந்தாது, 10 பேர் இருந்தாத்தான். விபத்து காப்பீடு தபால் ஆபீஸ்ல எடுத்து வச்சிருக்கேன், மூணு பேருக்கும்.

ஆனா ஒண்ணு, உங்க கம்பெனிக்கு ரோடு, கரண்ட், நிலம், மானியம்னு எவ்வளவு போயிருக்கும், அதுல ஒரு சிட்டிகை எங்க பக்கம் விழுந்தா நானும் டாய்லெட் கட்டுவேன்ல.

ஐடிஐ_வாத்தி

நான் அரசு ஐடிஐயில (தொழிற்பயிற்சி நிலையம்) ஜேடிஓ, அதாவது பயிற்றுநர், ட்ரேட் வெல்டர். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், வெல்டர்னு சொன்னதால வந்தேன்.

குறுகிய கால பயிற்சிக்கும் ஐடிஐக்கும் வித்தியாசம் புரிஞ்சுக்கணும். எங்க கோர்ஸ் ஒரு வருஷம். மொபிலைசர் தம்பி சொன்ன திட்டத்துல வர்ற மூணு மாச கோர்ஸ் 576 மணி நேரம், அதுலயே கம்ப்யூட்டர், ஸ்போக்கன் இங்கிலீஷ், ஆளுமை வளர்ச்சின்னு ஒரு பங்கு போயிடும். மிச்ச நேரத்துல பையன் எத்தன ராடு எரிக்கிறான்ங்கிறதுதான் மேட்டர். வெல்டிங் கண்ணால பாத்து வர்ற வேலை இல்ல. 3.15 எம்எம் வெல்டிங் ராடு பாக்கெட் பாக்கெட்டா எரிக்கணும், முதல் பாக்கெட் முழுக்க தகட்டுல ஒட்டிக்கிட்டே இருக்கும், அப்புறம் ஆர்க் நீளம், அதாவது ராடு முனைக்கும் தகட்டுக்கும் விடுற இடைவெளி, கைக்கு பிடிபடும், அப்புறம் மேல படியிற கசட, ஸ்லாக்க தட்டி பாத்தா அடியில ஓட்டை ஓட்டையா இருக்கும், அதுக்கப்புறம்தான் நேரா ஒரு ரன் போடுவான். வெர்டிகல், ஓவர்ஹெட் எல்லாம் அப்புறம். ராடுக்கும் தகட்டுக்கும் காசு. தனியார் சென்டர்ல ஆளுக்கு இவ்வளவுதான் ராடு, தகடுன்னு எண்ணிக் குடுப்பாங்க, தகட்டுத் துண்டையே திருப்பி திருப்பி கிரைண்ட் பண்ணி அடிக்க சொல்வாங்க. அந்த பையன் சர்டிபிகேட்டோட உங்க பட்டறைக்கு வந்தாலும் மறுபடியும் ஆரம்பத்துலேர்ந்து நீங்கதான் பழக்கணும்.

ஐடிஐ பக்கம் பாத்தீங்கன்னா, டாடா டெக்னாலஜிஸோட சேந்து 71 அரசு ஐடிஐகள 2877 கோடி செலவுல மாத்தினாங்க, ரோபோ, கம்ப்யூட்டர்ல ஓடுற சிஎன்சி மிஷின், எலக்ட்ரிக் வண்டி எல்லாம் வந்திருக்கு. பசங்க ரோபோ வெல்டிங் மிஷின பாத்து கண்ண விரிக்கிறாங்க, எனக்கும் சந்தோஷம்தான். ஆனா ரோபோ பழகினவன் கண்டிப்பா ஓசூர் ஒரகடம்தான் போவான். கலப்பை கொழு எந்த ஸ்டீலு, அதுக்கு எந்த ராடு போடணும், தேயாம இருக்க மேல கெட்டியா ஒரு படலம் ஏத்துற ஹார்ட்ஃபேசிங் எப்படின்னு சிலபஸ்ல ஒரு மூலையில இருக்கும், கேக்க ஆள் இல்ல.

மத்தபடி ஃபீஸ் கிடையாது, மாசம் 750 உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு, அரசு பள்ளியில படிச்சவங்கன்னா புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்ல 1000 வேற. பொண்ணுங்களுக்கு வயசு வரம்பே இல்ல, ஆம்பளைங்களுக்கு 40 வரைக்கும். இது நிறைய பேருக்கு தெரியாது. 35 வயசுல ஒருத்தர் என் க்ளாஸ்ல உக்காந்து படிச்சிருக்கார்.

ஊசிநூல்

வேலைக்கு ஆள் அனுப்புற திட்டத்த பத்தியே பேசறீங்க, சொந்தமா தொழில் பண்ண பயிற்சி குடுக்கிறதும் இருக்கே. நான் விழுப்புரம் மாவட்டம். ஆர்செட்டில தையல் படிச்சேன், ஒரு மாசம், தங்கி. பேங்க் நடத்துற பயிற்சி மையம் அது, மாவட்டத்துக்கு ஒண்ணு இருக்கும், ஒரு ஊர்ல இந்தியன் வங்கி, ஒரு ஊர்ல ஐஓபி, ஒரு ஊர்ல கனரா. நான் படிச்சப்ப 18லேர்ந்து 45 வயசு வரைக்கும் சேத்தாங்க. சாப்பாடு நல்லா இருந்துச்சு, உண்மைய சொல்லணும்ல.

தையல் பாதி நேரம்தான், மீதி நேரம் தொழில் பண்றது எப்படின்னு. மொத நாள் வளையம் எறிய விட்டாங்க. குச்சிய நட்டு வச்சிட்டு நீங்களே எவ்வளவு தூரத்துல நிக்கணும்னு முடிவு பண்ணிக்கோங்க, கிட்ட நின்னா மார்க் கம்மி, தூரம்னா ஜாஸ்தின்னு. நாங்கெல்லாம் சிரிச்சோம், இதுக்கா வந்தோம்னு. ஒரு அக்கா குச்சிக்கு மேலயே நின்னு போட்டாங்க, சார் எதுவும் சொல்லல. சாயங்காலம் அதையே எடுத்து பேசினாரு, கடன் எவ்வளவு வாங்குவீங்க, எந்த அளவுக்கு ரிஸ்க் எடுப்பீங்கன்னு. அப்பதான் எங்களுக்கு எதுக்குன்னு விளங்குச்சு. இன்னைக்கும் ஒரு ஆர்டர் எடுக்கிறப்ப அந்த குச்சி ஞாபகம் வரும்.

பிரச்சனை அதுக்கப்புறம். சர்டிபிகேட் எடுத்துட்டு எங்க ஊர் பேங்குக்கு, எந்த பேங்குன்னு வேணாம், போனேன். மேனேஜர் மாறிட்டாரு, புது ஆள் வரட்டும். புது ஆள் வந்தாரு, கொட்டேஷன் சரியில்ல. அப்புறம் மகளிர் குழு லோன் ஒண்ணு எங்க குரூப்ல யாரோ கட்டாம விட்டது என் பேர்ல தெரியுதுன்னாங்க. கடைசியில குழுவுல உள்கடன் வாங்கித்தான் பவர் மிஷின் ரெண்டு எடுத்தேன். இப்ப எனக்கு சோறு போடுறது தையல் கூட்டுறவு சங்கத்து வேலை, பள்ளிக்கூட இலவச யூனிஃபார்ம் தைக்க குடுக்கிறாங்க. துணி வெட்டியே வரும். கூலி கம்மி, ஆனா வேலை உறுதி. சுடிதார் பிளவுஸ்னு ஊர்ல நம்பியிருந்தா எப்பவோ மிஷின வித்திருப்பேன், ஏன்னா எங்க பேட்ச்ல படிச்சவங்க எல்லாரும் தையல்தான், பக்கத்து பக்கத்து ஊரு, பிளவுஸ் தைக்க அவ்வளவு பேர் எங்கேர்ந்து வருவாங்க?

தஞ்சை_டெல்டா77

ஊசிநூல் அக்கா சொன்ன கடைசி வரிக்காகவே லைக். ஊரு முழுக்க தையல், பியூட்டிஷியன், காளான். யாராவது ஒரு தடவ கணக்கெடுத்தாங்களா அந்த ஒன்றியத்துல என்ன தொழில் ஓடுது, எதுக்கு ஆள் பத்தலைன்னு.

புள்ளிவிவரப்புலி

வளையம் எறியிறது பத்தி ஒரு துணைக்கதை. 1964ல டேவிட் மெக்லெலண்ட்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஆந்திராவுல காக்கிநாடாவுல சின்ன வியாபாரிகளுக்கு பயிற்சி நடத்திப் பாத்தாரு, சாதிக்கணும்ங்கிற உந்துதல பயிற்சியால வளக்க முடியுமான்னு. வளைய விளையாட்டு அவரோட ஆய்வுகள்ல வர்றது. இந்தியாவுல தொழில்முனைவோர் பயிற்சின்னு இன்னைக்கு நடக்கிறதுக்கெல்லாம் வேர் அங்கதான். ஆர்செட்டி மாடல் வேற இடத்துலேர்ந்து, 1982ல கர்நாடகாவுல உஜிரேயில தர்மஸ்தலா ட்ரஸ்ட்டும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேந்து ஆரம்பிச்சது. அத பாத்துத்தான் பின்னாடி நாடு முழுக்க மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு கொண்டு வந்தாங்க.

வங்கி_மேஜை

கிராமப்புற கிளையில வேலை பாக்கிறேன், அடி விழும்னு தெரிஞ்சேதான் எழுதுறேன்.

ஊசிநூல் மேடம், உங்களுக்கு நடந்தது தப்பு. ஆனா மேஜைக்கு இந்தப்பக்கமும் கொஞ்சம் பாருங்க. எங்க கிளையில ஃபீல்ட் ஆபீசர் ஒரே ஆளு, பயிர்க்கடன், நகைக்கடன், குழுக்கடன், கேம்ப், வசூல் எல்லாம் அவர் தலையில. ஆர்செட்டிக்கு பயிற்சி முடிச்சவங்கள்ல 70 சதவீதம் பேர் தொழில்ல செட்டில் ஆகணும், அதுல பாதி பேராவது வங்கிக் கடன் வழியான்னு அளவுகோல் இருக்கு. ஆனா அந்த அளவுகோல் ஆர்செட்டி டைரக்டருக்கு, கிளை மேனேஜருக்கு இல்ல. மேனேஜர வாராக்கடன்லதான் அளக்கிறாங்க. ரெண்டு பேரும் ஒரே பேங்க், ரெண்டு பேர் டார்கெட்டும் எதிரெதிர்.

சர்டிபிகேட்ட பாத்து நாங்க கடன் குடுக்கிறதில்லங்கிறது உண்மை. நாங்க பாக்கிறது மூணு விஷயம். சிபில், அதாவது பழைய கடன ஒழுங்கா கட்டினாங்களான்னு காட்டுற மார்க். கொட்டேஷன் ஜிஎஸ்டி நம்பரோட இருக்கா. யாராவது இவங்ககிட்ட வாங்குவாங்கன்னு எழுத்துல ஏதாவது இருக்கா. யூனிஃபார்ம் சங்கத்து அட்டை, பால் சொசைட்டி பாஸ்புக், ஒரு கடைக்காரர் லெட்டர்ஹெட்ல குடுத்த ஆர்டர், இதுல எது இருந்தாலும் பேச்சு மாறிடும்.

மானியம் பத்தியும் ஒரு தப்பான எண்ணம் இருக்கு. பிஎம்இஜிபின்னு சொந்தத் தொழிலுக்கு மத்திய அரசு மானியத்தோட குடுக்கிற கடன்ல, கிராமத்துல பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம், பெண்கள், எஸ்சி எஸ்டி மாதிரி சிறப்புப் பிரிவுக்கு 35. அந்த காசு கையில வராது, 3 வருஷம் டெபாசிட்டா கிடக்கும், யூனிட் ஓடுதுன்னு ஆய்வு பண்ணின பிறகுதான் கடன்ல கழிப்போம், அதுவரைக்கும் அந்த தொகைக்கு வட்டி கிடையாது. மானியம் கைக்கு வரும்னு நினைச்சு புரோக்கர்கிட்ட கமிஷன் குடுத்துட்டு வர்றவங்கள பாக்க பாவமா இருக்கும்.

செய்யாறு_பொண்ணு

அந்த புரோக்கர் எங்க ஊர்லயும் இருக்கார். பேனரும் அவர்தான் அடிக்கிறார் 😂

தஞ்சை_டெல்டா77

ஆத்தூர் அண்ணன் கேட்ட கேள்விக்கு கிட்ட வந்த ஒரு திட்டம் இருந்துச்சு, யாரும் சொல்லல. வாழ்ந்து காட்டுவோம். உலக வங்கி கடன்ல நடந்தது, மொத்தம் 918 கோடி, உலக வங்கி 70 மாநிலம் 30ங்கிற கணக்குல. 31 மாவட்டம், 120 ஒன்றியம், 3994 ஊராட்சி. அதுல சமுதாய திறன் பள்ளின்னு ஒண்ணு பண்ணாங்க. ஊர்ல நல்லா வேலை தெரிஞ்ச ஒருத்தர பயிற்றுநரா ஆக்கி, உள்ளூர் பசங்கள அவர்கிட்டயே பழக விடுறது. எங்க ஒன்றியத்துல டூவீலர் மெக்கானிக் ஒருத்தர் கடையில நடந்துச்சு. கடைக்கு வர்ற வண்டிதான் பாடம். கார்புரேட்டர் கழுவுறதுலேர்ந்து ஆரம்பிச்சு, கஸ்டமர் வந்து கத்தினா என்ன சொல்லணும் வரைக்கும். முடிச்ச பசங்கள்ல ரெண்டு பேர் அதே கடையில, ஒருத்தன் அடுத்த ஊர்ல தனியா கடை போட்டுட்டான். மெக்கானிக் அண்ணன் மொதல்ல "எனக்கே போட்டிக்கு ஆள் வளக்க சொல்றீங்களா"ன்னு முறைச்சாரு, இப்ப பெரிய வேலைய அவன் இவர்கிட்ட அனுப்பறான், சின்ன வேலைய இவர் அவன்கிட்ட அனுப்பறாரு.

அதுலயே இணை மானியம்னு இன்னொண்ணு, தொழில் கடன்ல 70 சதவீதம் ஒழுங்கா கட்டி முடிச்சா மீதி 30 மானியமா கழியும். கட்டினாத்தான் மானியம், அதனால வங்கிக்கும் பயம் இல்ல. திட்ட அறிக்கை எழுதிக் குடுக்க, பேங்குக்கு கூட வர, மதி சிறகுகள் தொழில் மையம்னு ஆபீஸ் வச்சிருந்தாங்க. ஊசிநூல் அக்கா மாதிரி ஆளுங்களுக்கு அந்த கூட வர்ற ஆள்தான் பெரிய உதவி.

120 ஒன்றியத்தோட நின்னுபோச்சுங்கிறதுதான் என் வருத்தம். தமிழ்நாட்டுல 388 ஒன்றியம் இருக்கு.

முன்னாள்_மொபிலைசர்

டெல்டா சொல்ற மாடல்தான் சரின்னு எனக்கும் படுது. பயிற்சி காச ஏசி ரூம் சென்டருக்கு குடுக்கிறதுக்கு பதிலா ஆளுக்கு இவ்வளவுன்னு பட்டறைக்காரர்கிட்ட குடுத்து, ராடு செலவு, பையனுக்கு தினப்படி, பட்டறைக்காரருக்கு பழக்குற கூலின்னு மூணா பிரிச்சுடலாம்.

புள்ளிவிவரப்புலி

அங்கதான் எனக்கு பயம். காச பட்டறைகிட்ட குடுத்தா கணக்கு யாரு பாப்பா? பிஎம்கேவிஒய்ங்கிற மத்திய அரசு திறன் பயிற்சி திட்டத்த பத்தின சிஏஜி தணிக்கை அறிக்கைய படிச்சீங்களா, பயிற்சி பெற்றவங்க பேங்க் அக்கவுண்ட் நம்பர் போட வேண்டிய கட்டத்துல வெறும் பூஜ்யம், காலி, வரிசையா ஒண்ணு ஒண்ணா 11111111111 மாதிரியெல்லாம் போட்டிருந்தாங்க. அத்தன கட்டுப்பாடு இருக்கிற இடத்துலயே அந்த லட்சணம். ஊர் பட்டறையில மச்சான் பேரு, மாமன் பையன் பேருன்னு எழுதிட்டு காச எடுத்துட்டா?

ஐடிஐ_வாத்தி

கைரேகை வருகைப்பதிவு வச்சா மட்டும் ஏமாத்த முடியாதா என்ன, ரேகை வச்சிட்டு வீட்டுக்கு போறான். என் யோசனை, வருகைய விட்டுட்டு வேலைய சோதிங்க. மூணு மாசமோ ஆறு மாசமோ, முடிவுல பையன் பக்கத்து அரசு ஐடிஐக்கு வரட்டும், எங்க முன்னாடி ஒரு ஜாயின்ட் அடிக்கட்டும். நாங்க அத வளைச்சு உடைச்சு பாப்போம். தேறினா பட்டறைக்கு மிச்ச காசு, தேறலன்னா இல்ல. தகட்டுல அடிச்ச வெல்டிங் மாமன் மச்சான் பாக்காது. மெஷின் எங்ககிட்ட இருக்கு, சாயங்காலம் சும்மாத்தான் கிடக்கு.

ஆத்தூர்_பட்டறை

சார் இது நல்லா இருக்கே. இதுக்கு நான் ரெடி, காசு வராட்டியும் சோதனைக்கு அனுப்புவேன்.

செய்யாறு_பொண்ணு

சம்பளம் எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே அண்ணா. பசங்க அதத்தான் மொதல்ல கேப்பாங்க.

ஆத்தூர்_பட்டறை

கத்துக்கிற வரைக்கும் நாளுக்கு 400, சாப்பாடு எங்க வீட்டுல. கை பழகிட்டா 800, நல்ல வெல்டருக்கு சீசன்ல ஓவர்டைமோட 1000 தாண்டும். ஒரகடத்துல ரூம் வாடகை, மெஸ் போக அவன் கையில நிக்கிறது என்னன்னு பசங்ககிட்ட கேட்டேன், பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா பிஎஃப் இல்ல, அத நான் மறைக்கல.

வெட்டிப்பேச்சு

பொண்ணு பாக்க போனா "பட்டறையில வேலை"ன்னா குடுக்க மாட்டாங்க, "கம்பெனியில வேலை"ன்னா குடுப்பாங்க. இதுக்கு எந்த திட்டத்துல மானியம் இருக்கு?

ஊசிநூல்

சிரிச்சாலும் அது உண்மைதான் தம்பி. எங்க அண்ணன் பையனுக்கு அதுதான் நடந்துச்சு, கம்பெனி ஐடி கார்டு கழுத்துல தொங்கினாத்தான் மரியாத.

வங்கி_மேஜை

ஆத்தூர் சார், உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில் பதிவு, இருக்கா? இல்லன்னா இன்னைக்கே போடுங்க, இலவசம்தான், ஆதார் பான் போதும், புரோக்கர் வேணாம். பக்கத்து ஷெட் எடுக்கிறீங்கன்னா முத்ரா கடன்ல கிஷோர்ங்கிற பிரிவுல 5 லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாம பாக்கலாம். ஒரு வருஷ பில்லு இருந்தா எடுத்துட்டு போங்க, கையெழுத்து சீட்டா இருந்தாலும் பரவால்ல. சம்பளத்துல பாதியாவது அக்கவுண்ட் வழியா போக ஆரம்பிச்சா உங்க பசங்களுக்கும் நல்லது, நாளைக்கு அவன் பைக் லோன் கேட்டு வந்தா எங்களுக்கு பாக்க ஏதாவது இருக்கும்.

ஆத்தூர்_பட்டறை

உத்யம் இருக்கு சார். சம்பள விஷயம் பசங்ககிட்ட பேசறேன், ஒருத்தன் ஒத்துக்குவான்.

ஐடிஐ சார்கிட்ட ஒரு கேள்வி. மூணு பேர் இருக்கிற பட்டறை எல்லாம் ஐடிஐக்குள்ள வந்து ஆள் கேக்கலாமா? கேம்பஸ்னா பெரிய கம்பெனி பஸ்சோட வர்றதத்தான் பாத்திருக்கேன்.

ஐடிஐ_வாத்தி

தாராளமா வரலாம். வர்றதில்ல, அவ்வளவுதான். பிரின்சிபால் பேருக்கு லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம், உத்யம் நகல், எத்தன பேர், என்ன சம்பளம், தங்க இடம் உண்டா, காப்பீடு உண்டா. பரீட்சை முடிஞ்ச கையோட வாங்க, ரெண்டு வாரம் தள்ளினா பஸ்காரங்க முந்திடுவாங்க. எல்லா பசங்களும் வெளியூர் போக நினைக்கிறதில்ல, அப்பா இல்லாதவன், ஆடு மாடு பாக்கணும்ங்கிறவன், தங்கச்சிய காலேஜுக்கு கொண்டு விடணும்ங்கிறவன்னு ஒவ்வொரு பேட்ச்லயும் சில பேர் இருப்பாங்க, ஊர் பக்கத்துல வேலை இருக்கான்னு எங்கிட்டயே கேப்பாங்க, எனக்கு சொல்ல இடம் இருக்காது.

பட்டறையில ராடு போட்டு அடிக்கிற ஆர்க் மட்டும்தானா, கம்பிச்சுருள்ல அடிக்கிற மிக் இருக்கா? அத சொன்னீங்கன்னா எந்த மாதிரி பையன்னு பாக்கலாம்.

ஆத்தூர்_பட்டறை

ஆர்க் மிஷின் ரெண்டு, மிக் ஒண்ணு 250 ஆம்ப்ஸ், கேஸ் கட்டிங் செட் இருக்கு. பிளாஸ்மா கட்டிங் இல்ல சார். 12 எம்எம் தகடு வரைக்கும் அடிக்கிறோம்.